பெக் என்னும் குடும்பப்பெயர்: ஒலியொப்புமையும் பெயரமைப்பும் – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

கொங்கு நாட்டுக் குடியமைப்பையும் அண்ணன்மார் கதையையும் ஆராய்ந்தவர் என்ற முறையில் தமிழாய்வுலகம் நன்கறிந்த கனடிய மானிடவியலார் பிரெண்டா பெக். 1932 முதல் 1939 வரை போலந்து நாட்டின் வெளியுறவு அமைச்சராக விளங்கியவர் யூசெஃப் பெக். அந்தமான் தீவுகளில் ‘ராஞ்சி மக்கள்’ என்று அழைக்கப்படுவோருள் ஒரு பகுதியினரான ஒராவோன் குடியினரின் குலப்பெயர்களுள் ஒன்று பெக். இம்மூன்று பெயர்களும் உரோமன் எழுத்தில் வேறுபாடின்றி ஒரே வடிவில் எழுதப்படுகின்றன. ஆங்கில நாட்டில் வழங்கும் பெக் என்னும் குடும்பப்பெயரும் அதே வடிவினதே.

ஒரே வடிவில் வழங்கும் பெயர்கள் ஒரே மூலத்தினின்றும் பிறந்தவையாக இருத்தல் வேண்டும் என்பது பொதுமக்களிடையே மட்டுமன்றி ஆய்வாளரிடையேயும் வேரூன்றியுள்ள எண்ணமாகும். தமிழ்ப் பெயராய்வில் இவ்வெண்ணம் ஒலியொப்புமை முறையாக வளர்ந்து, தொலைவிலுள்ள நாடுகளின் ஊர்ப்பெயர்களுக்கும் மக்கட்பெயர்களுக்கும் தமிழ் மூலம் காட்டும் போக்காக நிலைபெற்றுள்ளது. இம்முறையின் குறைபாட்டைப் பெக் என்னும் பெயர் வாயிலாக எடுத்துக்காட்டுவதும், பெயரின் பிறப்பை அறிதற்கு ஏற்ற சான்றுகள் எவை எனத் தெளிவுபடுத்துவதும், இப்பெயரைப் பற்றிய செய்திகளைத் தரும் நூல்களின் பயனையும் எல்லையையும் மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். அந்தமான் சூழலில் இச்சிக்கல் ஏட்டளவில் நின்றுவிடாமல் ஒரு மக்கட்குழுவின் உரிமையைத் தொடுவதாகவும் அமைகின்றது.

2. ஐரோப்பிய மொழிகளில் பெக்

2.1. ஆங்கிலம்

ஆங்கிலக் குடும்பப்பெயர்களைத் தொகுத்து ஆராய்ந்த நூல்களுள் பி. எச். ரீனியின் பிரித்தானியக் குடும்பப்பெயர் அகராதி (1958) குறிப்பிடத்தக்கது. பெக் என்னும் பெயருக்கு ஒரு மூலத்தை மட்டும் கூறி அமையாமல் பல மூலங்களை வகுத்துக் காட்டுவது அந்நூலின் சிறப்பு. ஆங்கிலப் பெயராய்வில் இப்பெயருக்குக் கூறப்படும் மூலங்கள் நான்காகும். முதலாவது, பண்டை நார்சு மொழியில் ‘ஓடை’ எனப் பொருள்படும் சொல். இசுகாந்தினேவியர் குடியேறிய வட இங்கிலாந்தில் ஓடையைக் குறிக்கும் வழக்குச் சொல்லாக இஃது இன்றும் நிலவுகின்றது. ஓடைக்கரையில் வாழ்ந்தவர் அப்பெயர் பெற்றனர். இரண்டாவது, நார்மண்டிப் பகுதியிலுள்ள பெக் என்னும் ஊர்ப்பெயர். மூன்றாவது, ‘அலகு’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். நீண்ட மூக்குடையாரைக் குறித்த பட்டப்பெயராக இது வழங்கியது. நான்காவது, மண்வெட்டும் கருவியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்.

இவற்றுள் முதலிரண்டின் உறவு நோக்கத்தக்கது. நார்மண்டியிலுள்ள பெக் என்னும் ஊர்ப்பெயரும் அங்குக் குடியேறிய வடபுலத்தாரின் நார்சுச் சொல்லினின்று பிறந்ததே. எனவே ஒரே சொல் நேராகவும், பிரெஞ்சு மொழி வழியாகச் சுற்றியும் இங்கிலாந்தை அடைந்து ஒரே வடிவில் நிலைபெற்றுள்ளது. மூன்றாம் நான்காம் மூலங்களோ அதனோடு எவ்வித உறவும் இல்லாதவை. ஆங்கிலம் ஒன்றற்குள்ளேயே வடிவொற்றுமை மூல ஒற்றுமைக்குச் சான்றாகாமை இதனால் விளங்கும்.

2.2. செருமன்

தென்செருமானியப் பகுதியில் பெக் என்பது அப்பம் சுடுபவரைக் குறித்த தொழிற்பெயர். வடசெருமானியப் பகுதியில் அதே வடிவம் ஓடையைக் குறிக்கும் சொல்லினின்று வந்தது. ஆகவே தெற்கே தோன்றிய பெக் குடும்பத்தார்க்கும் வடக்கே தோன்றிய பெக் குடும்பத்தார்க்கும் பெயர்வழி உறவு இல்லை. சமூகவியலார் உல்ரிக் பெக் (1944–2015) போன்ற அறிஞர் ஒருவரின் பெயரை மட்டும் கொண்டு அது தொழிற்பெயரா இடப்பெயரா என்று துணிதல் இயலாது. குடும்பத்தின் பழைய ஊர் எது என்று அறிந்தாலன்றி விடை கிடையாது.

2.3. போலந்து

போலந்து மொழியின் எழுத்திலக்கணம் இவ்விடத்துத் துணைபுரிகின்றது. அம்மொழியில் உரோமன் வரிசையின் மூன்றாம் எழுத்து ‘த்ஸ்’ என்னும் ஒலியைக் குறிப்பது. ‘ஸ்கி’, ‘த்ஸ்கி’ என முடியும் போலந்துப் பெயர்களில் இதனைக் காணலாம். அவ்வெழுத்தும் ககர எழுத்தும் சேர்ந்து தனிக் ககர ஒலியைக் குறிப்பது போலந்து மரபன்று. போலந்து முறைப்படி எழுதினால் பெக் என்னும் பெயரின் ஈற்றில் ககர எழுத்து ஒன்றே நிற்கும். அவ்வாறு எழுதப்படும் பெயரும் அங்கு உண்டு. ஆகவே ஈரெழுத்து முடிவோடு எழுதப்படும் பெக் வெளியிலிருந்து வந்த பெயர் என்பதை அதன் எழுத்து வடிவமே உணர்த்துகின்றது. இடைக்காலம் முதலாகப் போலந்து நகரங்களில் செருமன் மொழியினர் குடியேறிய வரலாறு இதனோடு பொருந்தும். யூசெஃப் பெக்கின் முன்னோர் பிளெமிய வழியினர் என்பர். 1939 மே 5 அன்று போலந்து நாடாளுமன்றத்தில் இட்லரின் கோரிக்கைகளை மறுத்துரைத்து, போலந்தின் தன்மானத்திற்காகப் பேசியவரின் பெயர் போலந்து எழுத்துமுறைக்கு அயலானது. பெயரின் மூலம் ஒன்று, பெயருடையாரின் நாடு ஒன்று என்பதற்கு இது தக்க சான்று.

3. குரூக் மொழியில் பெக்

3.1. சொல்

ஒராவோன் மக்களின் தாய்மொழி குரூக். அதனைத் திராவிட மொழிகளுள் ஒன்றாகக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் வைத்து எண்ணினார். 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி ஏறத்தாழ 20 இலட்சம் பேர் இதனைத் தாய்மொழியாகக் கூறியுள்ளனர். இம்மொழியில் பெக் என்னும் சொல் உப்பைக் குறிக்கும். இராசமகால் மலைப்பகுதியில் வழங்கும் மால்தோ மொழியின் ‘பேக்கு’ என்பது இதன் இனச்சொல். தமிழ், கன்னடம், தெலுங்கு முதலியவற்றில் வழங்கும் ‘உப்பு’ என்னும் சொல்லோடு இதற்குத் தொடர்பு இல்லை. அஃதாவது, ஒரே பொருளுக்குத் தென்புலத்துத் திராவிட மொழிகள் ஒரு சொல்லையும் வடபுலத்துத் திராவிட மொழிகள் வேறொரு சொல்லையும் கொண்டுள்ளன.

3.2. குலப்பெயர்த் தொகுதி

ஒராவோன் சமூகம் புறமணக் குலங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு குலமும் ஒரு விலங்கு, பறவை, மீன், மரம், தானியம் அல்லது தாதுப்பொருளைக் குலக்குறியாகக் கொண்டு அதன் பெயரால் வழங்கும். டோப்போ மரங்கொத்தியையும், எக்கா ஆமையையும், திர்க்கி எலியையும், மின்ஜ் மீன்வகை ஒன்றையும், காக்கா காக்கையையும், கெஸ் நெல்லையும், பன்னா இரும்பையும், பெக் உப்பையும் குறிப்பன. ஒரே குலப்பெயருடையார் உடன்பிறந்தாராகக் கருதப்படுதலின் தம்முள் மணந்துகொள்ளுதல் மரபன்று. குலக்குறிப் பொருளை உண்ணாமை, அழிக்காமை முதலிய விலக்குகளும் உண்டு. நெல், உப்பு ஆகியன போல நாள்தோறும் இன்றியமையாத பொருள்களைக் குறியாகக் கொண்ட குலங்களில் அவ்விலக்கு முழுமையாக அன்றி, பொருளின் ஒரு கூறு அல்லது ஒரு நிலைக்கு உரியதாகத் தளர்த்தப்பட்டுள்ளது. உப்பைக் குலக்குறியாக ஏற்ற மக்கள் உப்பின்றி வாழ இயலாமையால் எழுந்த இத்தளர்வு, பெக் என்பது வெறும் ஒலிக்கூட்டமாக அன்றிப் பொருளுணர்ந்து வழங்கிய பெயராகவே இருந்தது என்பதைக் காட்டும்.

இச்செய்திகளை முறையாகத் தொகுத்தளித்த பெருமை சரத் சந்திர ராய் எழுதிய ‘சோட்டா நாக்பூரின் ஒராவோன்கள்’ (1915) என்னும் நூலுக்கு உரியது. குலக்குறிகளை அவற்றின் பொருள்வகை நோக்கி வகைப்படுத்தியதும் விலக்குகளைத் தனித்தனியே குறித்ததும் அந்நூலின் வலிமை. எனினும் அந்நூலின் நோக்கம் குல அமைப்பே. குலப்பெயர் ஒருவரது பெயரின் ஈற்றில் நின்று பதிவேடுகளில் குடும்பப்பெயராக நிலைபெற்ற பிற்கால வரலாறு அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. அந்நூலை மட்டும் பின்பற்றுவோர் குலப்பெயரைக் காலங்கடந்த ஒரு பழஞ்சின்னமாகக் காணும் நிலைக்கு ஆளாவர்.

3.3. குலப்பெயரிலிருந்து குடும்பப்பெயர்

குலப்பெயர் குடும்பப்பெயராக மாறியதில் கிறித்தவ சமயப் பணிக்குப் பெரும்பங்கு உண்டு. 1845இல் கோசுனர் சபையார் ராஞ்சிக்கு வந்தனர். 1850இல் ஒராவோன் மக்களுள் முதல்வர் சிலர் திருமுழுக்குப் பெற்றனர். 1885இல் சேசு சபையைச் சேர்ந்த கான்சுடண்ட் லீவன்சு அங்குப் பணி தொடங்கினார். திருமுழுக்குப் பதிவேட்டில் புதிய கிறித்தவப் பெயரோடு குலப்பெயர் இணைந்து நின்றது. கிறித்தவரல்லாத ஒராவோன் மக்களுள் பலர் ‘ஒராவோன்’, ‘பகத்’ என்பவற்றைப் பெயரீறாகக் கொள்வதும், கிறித்தவர்களிடையே குலப்பெயர் பெரும்பான்மையாக நிற்பதும் இவ்வரலாற்றின் விளைவாகும்.

பதிவேட்டை எழுதியவர் ஐரோப்பியராகவோ ஐரோப்பியரிடம் கற்றவராகவோ இருந்தார். ஆதலின் குறுகிய உயிரை அடுத்துச் சொல்லின் ஈற்றில் வரும் ககரத்தை ஆங்கிலம், செருமன் ஆகியவற்றின் வழக்கப்படி ஈரெழுத்தால் எழுதும் முறை பெக் என்னும் பெயருக்கும் வந்து சேர்ந்தது. போலந்தில் அவ்வீரெழுத்து அயன்மையின் அடையாளம். ராஞ்சியிலும் அஃது அயன்மையின் அடையாளமே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. போலந்தில் பெயரே வெளியிலிருந்து வந்தது; ராஞ்சியில் பெயர் மண்ணுக்குரியது, எழுத்து மட்டுமே வெளியிலிருந்து வந்தது. எழுத்து வடிவம் எழுதினவரின் வரலாற்றைச் சொல்லுமேயன்றிப் பெயரின் வரலாற்றை முழுதும் சொல்லாது என்னும் உண்மை இவ்வொப்பீட்டால் பெறப்படும்.

4. எழுத்துகள் மறைப்பவை

ஒவ்வொரு எழுத்துமுறையும் இப்பெயர்களின் ஒவ்வொரு கூற்றை மறைக்கின்றது. உரோமன் எழுத்தில் எகர ஏகார வேறுபாடு தெரிவதில்லை. தேவநாகரியில் குற்றெகரத்திற்குத் தனியெழுத்து இன்மையால் இப்பெயரை இந்தி வழியாக அறிவோர் ‘பேக்’ என்றே படிப்பர். தமிழில் எகர ஏகார வேறுபாடு உண்டு. ஆனால் ஒலிப்புடைய உதட்டொலிக்கும் ஒலிப்பிலா உதட்டொலிக்கும் வேறுபாடு இல்லை. இதனால் தமிழில் ‘பேக்’ என்று எழுதப்படும் ஒருவர் ஒராவோன் குடியினராகவும் இருக்கலாம்; துருக்கிய மூலத்தில் ‘தலைவன்’ எனப் பொருள்படும் பட்டத்தினின்று வந்த முகலாய வழிக் குடும்பப்பெயருடையாராகவும் இருக்கலாம்.

காக்கா என்னும் குலப்பெயர் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு. குரூக் மொழியில் இதன் இரு மெய்களும் கடையண்ண உரசொலிகள். அவ்வொலியைக் குறிக்க உரோமன் வரிசையில் கணிதத்தில் பெருக்கற்குறியை ஒத்த எழுத்தைப் பயன்படுத்துவது குரூக் மொழியியல் வழக்கு. பழங்குடியினர் நிலை பற்றி 2014இல் நடுவண் அரசுக்கு அறிக்கை அளித்த உயர்நிலைக் குழுவின் தலைவர் சமூகவியலார் விர்ஜீனியசு காக்காவின் பெயர் அவ்வெழுத்தாலேயே எழுதப்படுகின்றது. அதனை ஆங்கில முறைப்படி ஒலித்துத் தமிழில் ‘சாக்சா’, ‘க்சாக்சா’ என எழுதுவோர், தமிழ்க் ‘காக்கை’யின் உடன்பிறப்பாகிய ஒரு சொல்லைத் தமிழருக்கே அடையாளம் தெரியாமற் செய்துவிடுகின்றனர்.

5. ஒலியொப்புமை முறை: ஒரு மதிப்பீடு

ஒலியொப்புமை முறையின் குறை, அது பொய்யான உறவுகளைக் கற்பிப்பது மட்டுமன்று. மெய்யான உறவுகளைக் காணவிடாமற் செய்வதும் ஆகும். மொழிகளுக்கிடையே உறவை நிறுவுவது ஒலிகளின் ஒற்றுமையன்று, ஒலிமாற்றங்களின் ஒழுங்கே. தமிழில் சொல்முதலில் வகரம் வருமிடத்துக் குரூக் மொழியில் ஒலிப்புடைய உதட்டு வெடிப்பொலி வருதல் ஒழுங்கான ஒலிமாற்றம். தமிழில் வா, வரு என்னும் வினையின் இனச்சொல் குரூக்கில் ‘பர்’. ‘வாய்’ என்பதன் இனச்சொல் ‘பை’. இவ்வொழுங்கின்படி பெக் என்னும் குரூக் சொல்லுக்குத் தமிழில் இனச்சொல் உண்டெனின் அது வகரத்தை முதலாகக் கொண்டே அமைதல் வேண்டும். பகரத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல் ஒன்றை இதனோடு இணைப்பது, கேட்பதற்கு எத்துணை இசைவுடையதாயினும், ஒலிமாற்ற ஒழுங்கிற்கு முரணானது.

தமிழில் ககரம் நிற்கும் இடத்துக் குரூக்கில் கடையண்ண உரசொலி நிற்பதும் இத்தகைய ஒழுங்கே. தமிழில் ‘கண்’ என்பதன் முதல் மெய் குரூக்கில் உரசொலியாகும், ‘காக்கை’யிலும் அவ்வாறே. பன்னா என்னும் குலப்பெயரை இந்தியறிந்தோர் மரகதம் எனக் கொள்வர். அஃது ஒலியொப்புமையால் விளைந்த மயக்கம். குரூக்கில் அஃது இரும்பைக் குறிக்கும். இரும்பையும் பொன்னையும் பொதுவாக உலோகத்தையும் குறிக்கும் தமிழ்ப் ‘பொன்’ என்னும் சொல்லே அதனோடு ஒப்பிடத்தக்கது. மின்ஜ் என்னும் பெயர் செருமானிய மைன்சு நகரத்தின் பெயரால் அமைந்த ஐரோப்பிய யூதக் குடும்பப்பெயர் ஒன்றோடு மயங்கக்கூடியது. குரூக் மொழியின் வளர்ச்சிக்குப் பாடுபட்ட ஆயர் நிர்மல் மின்ஜின் (1927–2021) பெயருக்கும் அந்நகரத்திற்கும் எத்தொடர்பும் இல்லை.

திராவிடச் சொற்பிறப்பியல் ஆய்வுக்கு அடிப்படையாக விளங்கும் பர்ரோ, எமனோ ஆகியோரின் அகராதி (1961; திருத்திய பதிப்பு 1984) குரூக், மால்தோ சொற்களைத் தென்மொழிச் சொற்களோடு நிரல்படுத்திக் காட்டுதலின் இத்தகைய மயக்கங்களை நீக்கப் பெரிதும் பயன்படும். எனினும் அதன் கண்ணோட்டம் பொதுச்சொற்களைப் பற்றியது. அச்சொற்கள் மக்கட்பெயர்களாக வாழும் வாழ்வைக் கூறுதல் அதன் பணியன்று. சொல்லின் பிறப்பை அகராதி தரும். பெயரின் பிறப்பை அதனைத் தாங்கிய சமூகமே தரும்.

6. கொங்குக் கூட்டப்பெயர்களும் ஒராவோன் குலப்பெயர்களும்

ஒலியளவில் உறவில்லாத இடத்தில் அமைப்பளவில் நெருக்கம் இருத்தல் கூடும். கொங்கு வேளாளரிடையே கூட்டம் எனப்படும் புறமணக் குலங்கள் உள்ளன. ஆந்தை, காடை முதலிய கூட்டப்பெயர்கள் பறவைப்பெயர்களாக இருத்தலும், ஒரே கூட்டத்தார் பங்காளிகளாகக் கருதப்பட்டுத் தம்முள் மணவாமையும் ஒராவோன் குல அமைப்போடு ஒப்பிடத்தக்கன. கூட்டப்பெயர் தனியொருவரது பெயரின் பகுதியாக நிலைபெற்றமைக்கும் தமிழில் சான்று உண்டு. பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரன் (1908–1987) பெயரிலுள்ள ‘தூரன்’ என்பது கொங்கு வேளாளர் கூட்டப்பெயரே.

இக்கொங்கு அமைப்பை விரிவாக ஆராய்ந்த நூல்களுள் ஒன்று பிரெண்டா பெக்கின் ‘கொங்கு நாட்டு உழவர் சமுதாயம்’ (1972). வலங்கை இடங்கைப் பிரிவுகளின் அடிப்படையில் சாதி, குலம், ஊர் ஆகியவற்றின் இணைவை அந்நூல் விளக்குகின்றது. ஐரோப்பிய மூலமுடைய பெக் என்னும் பெயர் தாங்கிய ஒருவர், குரூக் மூலமுடைய பெக் என்னும் பெயரை ஒத்த அமைப்பினவாகிய தமிழ்க் கூட்டப்பெயர்களின் நிலத்தை ஆராய்ந்தார். அவருடைய பெயருக்கும் ஒராவோன் குலப்பெயருக்கும் வடிவு ஒன்று, உறவு இல்லை. தூரன், பெக் என்பவற்றிற்கு வடிவு வேறு, அமைப்பு ஒன்று. ஒலியொப்புமையை நாடும் ஆய்வாளர் முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடுவர்.

இவ்வொப்பீட்டிலும் ஓர் எல்லை உண்டு. குலக்குறி அமைப்பு திராவிட மொழியினர்க்கு மட்டும் உரியதன்று. ஆத்திரோ ஆசிய மொழி பேசும் முண்டா மக்களிடையேயும் அது காணப்படுகின்றது. ஆதலின் அமைப்பு ஒற்றுமையை மொழிக்குடும்ப ஒற்றுமைக்குச் சான்றாக்குதலும் பிழையாகும். பெயரமைப்பு இத்தகைய எல்லைக்குள் நின்று உணர்த்துவது ஒன்றே: தனியே நிற்கும் பெயர் பேசாது, தன் தொகுதியோடு நிற்கும் பெயரே பேசும். டோப்போ, எக்கா, திர்க்கி, மின்ஜ் ஆகியவற்றோடு சேர்ந்து வழங்கி, தன் பெயருடையாரோடு மணம் கொள்ளாத பெக் ஒராவோன் குலப்பெயர். அத்தொகுதியும் அவ்விதியும் இல்லாத பெக் வேறு.

7. அந்தமான் சூழல்

7.1. ராஞ்சி என்னும் பெயர்

அந்தமான் காடுகளில் மரம் வெட்டவும் நிலம் திருத்தவும் சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து 1918 முதல் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். ராஞ்சியிலிருந்த கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பு ஆள்சேர்ப்பில் பங்கு கொண்டது. ஒராவோன், முண்டா, கரியா என வேறுபட்ட குடியினராயினும் அவர்கள் அனைவரும் புறப்பட்ட நகரின் பெயரால் ‘ராஞ்சி’ என ஒருங்கே சுட்டப்பட்டனர். திராவிட மொழியாகிய குரூக்கும் ஆத்திரோ ஆசிய மொழிகளாகிய முண்டாரியும் கரியாவும் ஒரே ஊர்ப்பெயருக்குள் மறைந்தன. அக்குடியினரிடையே பொதுமொழியாகச் சாதரி வழங்குகின்றது.

2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அந்தமான் நிகோபார் தீவுகளின் மக்கட்டொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். குரூக்கைக் கூறியவர் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர். திராவிடக் குடும்பத்தின் தென்கோடி மொழி ஒன்றும் வடகோடி மொழி ஒன்றும் ஒரே தீவுக்கூட்டத்தில், ஒரே சந்தையிலும் பணியிடத்திலும், அருகருகே வழங்குதல் மொழியியலார்க்கு அரிய வாய்ப்பாகும். ஆயினும் இரு மொழியினரும் ஒருவரோடொருவர் இந்தியிலேயே உரையாடுகின்றனர். ‘காக்கை’ என்று கூறும் தமிழரும் அச்சொல்லின் இனச்சொல்லைக் குலப்பெயராகத் தாங்கியவரும் தம் சொற்களின் உறவை அறியும் வாய்ப்பின்றி வாழ்கின்றனர்.

பெயர்முறையிலும் இரு சாராரிடையே வேறுபாடு உண்டு. விண்ணப்பப் படிவத்தின் ‘குடும்பப்பெயர்’ என்னும் கட்டத்தில் தமிழர் தந்தையின் இயற்பெயரை எழுதுவர். அது தலைமுறைதோறும் மாறும். ஒராவோன் குடியினர் எழுதுவது தலைமுறைகளைக் கடந்து நிற்கும் குலப்பெயர். ஒரே கட்டத்தில் எழுதப்படும் இரண்டும் ஒரே வகையின அல்ல. ‘மேரி பெக்’ என்று ஒரு பட்டியலில் காணப்படும் பெயர், வேறு குறிப்பின்றி நோக்குவார்க்கு ஆங்கிலப் பெண்மணி ஒருவரின் பெயராகவே தோன்றும். கிறித்தவப் பெயரும் ஈரெழுத்துக் ககரமும் சேர்ந்து ஒராவோன் அடையாளத்தை முற்றாக மறைத்துவிடுகின்றன.

7.2. பட்டியலும் ஒப்புருப் பெயர்களும்

ஒராவோன், முண்டா, கரியா ஆகிய குடியினர் சார்க்கண்டில் பட்டியற் பழங்குடியினர். அந்தமான் நிகோபார் தீவுகளுக்கென 1959இல் பிறப்பிக்கப்பட்ட பழங்குடியினர் ஆணையில் அந்தமானியர், சாரவர், நிகோபாரியர், ஓங்கே, சென்டினலியர், சோம்பென் ஆகியோரே இடம்பெற்றனர். ராஞ்சி மக்களின் குடிகள் இடம்பெறவில்லை. பட்டியல் நிலை, ஒரு மாநிலம் அல்லது ஆட்சிப்பகுதியின் எல்லைக்குள் மட்டுமே பொருந்தும் என்பதும், குடிபெயர்ந்தோரோடு அஃது உடன்செல்லாது என்பதும் 1990இல் உச்ச நீதிமன்றத்தால் உறுதிப்படுத்தப்பட்ட நெறி. எனவே ராஞ்சியில் பழங்குடிச் சான்றாக விளங்கும் பெயர் கடலைக் கடந்தபின் அவ்வாற்றலை இழக்கின்றது.

அந்த ஆணையின் சொற்களை நோக்கின் ஒப்புருப் பெயர்களின் சிக்கல் கூர்மையாக வெளிப்படும். அந்தமானியர் என்னும் தலைப்பின்கீழ்ச் சாரி, கோரா, போ, கேடே, சுவாய், கோல் முதலிய உட்பிரிவுகள் குறிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் கோல் என்பது நடு அந்தமானில் வாழ்ந்த ஒரு பெரிய அந்தமானியக் குடியின் பெயர். அதே வடிவம், காலனிய ஆட்சியில் சோட்டா நாக்பூர் மக்களைச் சுட்ட வழங்கிய பெயருமாகும்; 1831–32ஆம் ஆண்டுகளின் எழுச்சி ‘கோல் கிளர்ச்சி’ என்றே வரலாற்று நூல்களில் வழங்குகின்றது. கோரா என்பதும் அவ்வாறே: அந்தமானில் அது வட அந்தமான் குடி; கிழக்கிந்தியாவில் அது முண்டா மொழிக்குடும்பத்தைச் சார்ந்த வேறொரு பழங்குடி. ஒலியொப்புமை முறையைப் பின்பற்றுவார் ஒருவர், சோட்டா நாக்பூர்க் கோல் மக்கள் 1959ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே உளர் என்று வாதிடக்கூடும். அவ்வாதம் ராஞ்சி மக்களுக்கு நன்மை பயப்பதுபோலத் தோன்றினும், அழிந்துபோன ஒரு குடியின் பெயரைக் கவர்ந்து மற்றொரு குடிக்குச் சூட்டுவதாகவே முடியும். உரிமைக் கோரிக்கை உண்மையான பெயர்வரலாற்றின்மீது நிற்றல் வேண்டும்; மயக்கத்தின்மீது நின்றால் முதல் வினாவிலேயே சரியும்.

அப்பட்டியலின் மற்றொரு பெயரும் கருதத்தக்கது. போ மொழியைப் பேசிய இறுதி மனிதர் எனப்படும் போவா மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். அம்மொழி போய்விட்டது, ஆணையில் பெயர் நிற்கின்றது. குரூக்கின் நிலையோ இதற்கு நேர்மாறானது. மொழி தீவுகளில் உயிரோடு உள்ளது. ஆணையில் பெயர் இல்லை. சாதரியும் இந்தியும் அதன் இடத்தைப் பற்றிவரும் சூழலில், ஒருவர் குரூக் மரபினர் என்பதற்கு மொழிக்குப் பின்னரும் எஞ்சி நிற்கக்கூடிய சான்று குலப்பெயரே. அதனை ஆங்கிலப் பெயரென்றோ இந்திச் சொல்லென்றோ தமிழ்ச் சொல்லென்றோ கொள்ளும் பிழை, எஞ்சிய அச்சான்றையும் அழிப்பதாகும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

(அ) பெக் என்னும் குடும்பப்பெயர் நார்சு, பிரெஞ்சு, ஆங்கிலம், செருமன், குரூக் ஆகிய மொழிகளில் தனித்தனியே தோன்றிய பல பெயர்களின் பொதுவடிவம். போலந்தில் வழங்குவது அங்குக் குடியேறியோர் கொணர்ந்த வடிவம்.

(ஆ) எழுத்து வடிவம் பெயரைப் பதிவு செய்தவரின் மரபைக் காட்டும். போலந்திலும் ராஞ்சியிலும் ஒரே எழுத்துக்கூட்டு வேறுவேறு வரலாறுகளின் விளைவாக அமைந்தது.

(இ) பெயரின் மூலத்தை அறிய ஒலிமாற்ற ஒழுங்கு, எழுத்து மரபு, அப்பெயர் இடம்பெறும் தொகுதி, அதனை ஆளும் மணவிதி ஆகிய நான்கும் ஒருங்கே நோக்கப்படுதல் வேண்டும். இவற்றுள் ஒன்றைமட்டும் கொண்டு துணிதல் பிழைக்கு இடமளிக்கும்.

(ஈ) ரீனியின் அகராதி, ராயின் இனவரைவியல், பர்ரோ–எமனோ அகராதி, பிரெண்டா பெக்கின் ஆய்வு ஆகியன தத்தம் எல்லைக்குள் நம்பத்தக்கவை. அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடத்திலேயே பெயரியல் தன் பணியைத் தொடங்குகின்றது.

அந்தமானில் வழங்கும் குரூக் குலப்பெயர்களை, அவற்றின் ஒலிப்பு, பொருள், எழுதப்படும் வடிவங்கள், மணவிலக்கு ஆகியவற்றோடு தொகுத்தல் உடனடித் தேவையாகும். மேற்கு வங்க அரசு 2018இல் குரூக்கிற்கு ஆட்சிமொழித் தகுதி வழங்கியது. தமிழரும் குரூக் மக்களும் அடுத்தடுத்து வாழும் தீவுகளில் இப்பணியை மேற்கொள்ளும் தகுதியும் கடமையும் திராவிட மொழியியல் பயின்றார்க்கு உண்டு. தொலைநாட்டுப் பெயர்களில் தமிழைத் தேடும் ஆர்வத்தின் ஒரு பகுதி, அடுத்த வீட்டார் பெயரின் பொருளைக் கேட்டறிவதிலும் செலுத்தப்படுமாயின், உப்பு என்னும் பொருளில் அமைந்த அப்பெயர் தனக்குரிய மொழியின் பெயராகவே பதிவு பெறும்.